பரிசுத் தொகை வேறு, சம்பாத்தியம் வேறு: போக்கர் டோர்னமென்ட் தொழிலின் கணக்கு

போக்கர் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி எங்கே செய்தி வந்தாலும் "இதுவரை இத்தனை மில்லியன் டாலர் வென்றவர்" என்ற வரி தவறாமல் இருக்கும். பெரும்பாலும் அது போக்கர் போட்டி முடிவுகளைத் தொகுக்கும் ஹெண்டன் மாப் இணையதளத்திலிருந்து எடுத்த எண். அங்கே வாங்கிய பரிசு மட்டும்தான் ஏறும். கட்டிய நுழைவுப் பணம் ஏறாது. பிரபல ஆட்டக்காரர் டேனியல் நெக்ரானு 2017-இல் சுமார் 28 லட்சம் டாலர் பரிசு வாங்கினார். ஆனாலும் அந்த வருடம் அவருக்கு நஷ்டம்தான். கட்டியது அதைவிட அதிகம் என்று அவரே கணக்கை வெளியிட்டார். அதற்காகவே அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

லாஸ் வேகஸில் நடக்கும் வேர்ல்ட் சீரிஸ் ஆஃப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியான மெயின் ஈவன்ட்டைப் பாருங்கள். 1972-இலிருந்தே நுழைவுத் தொகை 10,000 டாலர். 2023-இல் 10,043 பேர் ஆடினார்கள். ஒவ்வொருவர் கட்டியதிலும் 9,300 டாலர்தான் பரிசுக்குப் போனது. 700 டாலர் நடத்துபவர்களின் பிடித்தம். 1,507 பேருக்குப் பரிசு, கடைசிப் பரிசு 15,000, முதல் பரிசு 1 கோடியே 21 லட்சம். நூற்றுக்கு 85 பேர் வெறுங்கையோடு போகிறார்கள். பரிசு வாங்கியவர்களிலும் பலருக்கு நுழைவுத் தொகையும் விமானச் செலவும் விடுதிச் செலவும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். நல்ல ஆட்டக்காரரின் மொத்த லாபமும் எப்போதோ ஒருமுறை அமையும் இறுதி மேசையில்தான், அதாவது கடைசியில் மிஞ்சும் சிலர் மோதும் சுற்றில்தான் இருக்கிறது.

இதைச் சிறிய அளவில் போட்டுப் பார்க்கலாம். 1,000 டாலர் போட்டிகளில் சராசரியாக 20 சதவீதம் லாபம் எடுப்பவர் ஒருவர், வருடத்துக்கு 100 போட்டி ஆடுகிறார். எதிர்பார்க்கும் லாபம் 20,000. சில நூறு பேர் மோதும் போட்டிகளில் 100 ஆட்டத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமே 50,000 டாலரைத் தொடும். திறமை குறையாமலே ஒரு வருடம் முழுக்க நஷ்டத்தில் போகலாம், அடுத்த வருடமும் போகலாம். கையில் 100 நுழைவுத் தொகையாவது தனியாக இல்லாமல் இறங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். வீட்டு வாடகை அந்தப் பணத்தில் சேராது. தோற்றபின் மறுபடி பணம் கட்டி நுழைவதும் இன்னொரு முழு நுழைவுதான். பலருடைய கணக்கு இடறுவது அங்கேதான்.

அதனால்தான் வரப்போகும் பரிசில் பங்கு விற்கிறார்கள். 10,000 டாலர் போட்டியில் பாதியை 1.2 மார்க்கப்பில், அதாவது அசல் விலையின் 1.2 மடங்குக்கு விற்றால் 6,000 கையில் வரும். ஆடுபவர் போடுவது 4,000. 15,000 பரிசு விழுந்தால் அவருக்கு 7,500. மார்க்கப் 1.2 என்றால் அவருடைய உண்மையான சராசரி லாபம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் பங்கு வாங்கியவருக்குத்தான் இழப்பு.

முழுப் பணத்தையும் முதலீட்டாளரே போடும் ஏற்பாட்டில் மேக்கப் வரும், அதாவது லாபம் பிரிக்கும் முன் ஈடுகட்ட வேண்டிய பழைய நஷ்டம். 60,000 வரை தோற்றபின் 1,00,000 வென்றால், முதல் 60,000 முதலீட்டாளருக்கு. மிச்சம் 40,000-ஐத்தான் பாதிப் பாதி பிரிப்பார்கள். மேக்கப் ஏற ஏற, ஆடுபவருக்குச் சின்னப் பரிசில் அக்கறை போய்விடும். ஒரே அடியில் மீளலாம் என்று தன் தகுதிக்கு மீறிய போட்டியில் உட்காருவார். யார் எப்போது விலகலாம், விலகினால் மேக்கப் என்ன ஆகும் என்று முதல் நாளே எழுதி வைக்காத ஏற்பாடு பெரும்பாலும் சண்டையில்தான் முடியும்.

வரியையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, 2026 முதல் சூதாட்ட இழப்பில் 90 சதவீதத்தையே கழிக்கலாம். 3 லட்சம் வென்று 3 லட்சம் கட்டியவர், சம்பாதிக்காத 30,000-க்கு வரி கட்ட வேண்டும். ஒவ்வொரு நுழைவு ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். பங்கு விற்றிருந்தால், பரிசு வாங்கும் கவுண்டரிலேயே 5754 என்ற படிவத்தைக் கேளுங்கள். அதில் பங்குதாரர்களைக் குறிப்பிடாவிட்டால் முழுப் பரிசும் உங்கள் ஒருவர் பெயரில்தான் பதிவாகும்.