ஊதுகுழல்

ஜனவரி 15, தைப்பொங்கல், கிளிநொச்சி

முற்றத்தில் கல் வைத்து, பாலை விறகு அடுக்கி, பானை ஏற்றியாச்சு. இரவு பெய்த பனியில் விறகு ஈரம், பிடிக்கவில்லை. அம்மம்மா ஊதுகுழலை எடுத்து நாலு தரம் ஊதினா. ஐந்தாவது தரம் குழலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்து இருந்தா.

"நீ ஊது பிள்ளை."

அவவுக்கு 78 வயது. அந்தக் குழலை இவ்வளவு காலத்தில் யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

ஜனவரி 19

பக்கத்தில் ஒரு டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனேன். நெஞ்சில் குழாயைக்கூட வைக்கவில்லை. வாயுக் குளிசையும் "வயசு போனால் அப்பிடித்தான்" என்ற வசனமும் தந்து அனுப்பினார்கள். குளிசைகூடப் பரவாயில்லை, எனக்கு எரிச்சல் அந்த வசனத்தில்தான். 2009இல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எங்களையும் இழுத்துக்கொண்டு நடந்தவ, கிணற்றடியிலிருந்து அரை வாளி தண்ணீரோடு வர நடுவில் நிற்கிறா. ஏன் என்றாவது யாரும் சொல்ல வேண்டாமா?

ஜனவரி 27

இன்று வைத்தியசாலையில் ஈசிஜி, எக்ஸ்ரே, ஒரு குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனை எல்லாம் நடந்தது. இரத்தம் குறைவா என்றும் பார்த்தார்கள். இதயம் பிழையில்லை. அடுப்புப் புகை நுரையீரலைக் கொஞ்சம் கெடுத்திருக்கிறது. அது போக, மூச்சிழுக்கும் தசைகளே பலம் குறைந்திருக்கின்றன என்று டொக்டர் சொன்னார். காலும் கையும் மெலிவது போலத்தானாம், உள்ளே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பிப்ரவரி 3

வகுப்பில் சுவாசம் படிப்பிக்கும் நாள். அடி வெட்டிய போத்தல், உள்ளே ஒரு பலூன், அடியில் இழுத்துக் கட்டிய றப்பர். றப்பரைக் கீழே இழுத்தால் பலூன் விரியும். அந்த றப்பர்தான் பிரிமென்றகடு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் தசை. அமைதியாக இருக்கும்போது மூச்சிழுக்கும் வேலையில் பெரும்பங்கு அதனுடையது.

போன வருடத்து றப்பர் தொய்ந்து போயிருந்தது. எவ்வளவு இழுத்தும் பலூன் அரைவாசிதான் விரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், எனக்கு அம்மம்மா ஞாபகம். வயதானவர்களின் பிரிமென்றகட்டுக்கு இளையவர்களுடையதைவிடக் கால் பங்கு அளவு பலம் குறைவாக இருக்கலாம். போத்தலும், அதாவது நெஞ்சுக்கூடும், முன்னைப்போல் வளைவதில்லை. பழு என்புகளை (விலா எலும்புகளை) நெஞ்செலும்போடு சேர்க்கும் கசியிழையங்கள் (குருத்தெலும்புகள்) சுண்ணாம்பு ஏறி இறுகிவிடுகின்றன, முதுகும் கூனுகிறது. நுரையீரல் சுருங்கும் தன்மையை இழப்பதால் வெளியே போகாமல் தங்கும் காற்றும் கூடுகிறது. ஆக, பலம் குறைந்த தசைக்கு வேலை கூட.

ஊதுவது வேறு வேலை. அதற்கு வயிற்றுத் தசை வேண்டும். இருமலுக்கும் அதேதான். அடுப்பை ஊத முடியாதவவுக்குச் சளியை வெளியே தள்ளவும் கஷ்டம். தடிமன் வந்தால் நிமோனியா வரை போய்விடுமோ என்ற பயம் அதனால்தான்.

பிப்ரவரி 9

இயன்மருத்துவர் ஒரு சின்னக் குழாய் தந்திருக்கிறார். உள்ளே இழுக்கும்போது அடைத்துப் பிடிக்கும். காலையும் மாலையும் இழுக்க வேண்டும், நாள் போகப் போக அடைப்பைக் கூட்டலாம். மூச்சு வாங்கினால் உதட்டைக் குவித்து மெதுவாக விட வேண்டும். முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து இருப்பதும் நல்லதாம். தோளும் கையும் அசையாமல் நின்றால் கழுத்து, நெஞ்சுத் தசைகளும் மூச்சுக்கு உதவுமாம்.

"அதை நான் கிணத்துக்கட்டில எப்பவோ கண்டுபிடிச்சிட்டன்" என்றா அம்மம்மா.

முட்டை, மீன், பயறு சாப்பிடச் சொன்னார். சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும், வயிறு முட்டினால் பிரிமென்றகடு இறங்க இடமில்லை. விறகடுப்பை விடச் சொன்னதுக்கு மட்டும் அம்மம்மா காது கேட்காத மாதிரி இருந்தா.

பிப்ரவரி 14

அறுவடை மெசின் பக்கத்து வயலில் இறங்கிவிட்டது. ஊரெல்லாம் உமித் தூசி. நடையை விடியப்புறம் குளக்கட்டுக்கு மாற்றினோம். மூன்று தந்திக்கம்பத்துக்கு ஒரு தரம் இருந்து எழும்புகிறா.

பிப்ரவரி 24

எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. நன்றாக மூச்சிழுத்து, இடையில் நிறுத்தாமல் சத்தமாக எண்ணுவது. தொடங்கிய அன்று 14இல் நின்றா. இன்று 19 வரை வந்தா. இல்லை, 21 என்று சண்டை. கடைசி இரண்டும் இடையில் ஒரு குட்டி மூச்சிழுத்துச் சொன்னது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.