யஸ்த் தௌலதாபாத்: வாசலிலிருந்து பார்க்க வேண்டிய தோட்டம் அல்ல

ஈரானின் யஸ்த் நகரில் தௌலதாபாத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சுற்றுகிறார்கள். வாசல் கட்டடத்தைக் கடந்ததும் நீண்ட நீர்த்தொட்டி, அதன் கோடியில் காற்றுக் கோபுரம். அங்கே ஒரு படம். மாளிகைக்குள் வண்ணக் கண்ணாடி ஒளியில் இன்னொரு படம். அரை மணி நேரத்தில் வெளியே டீக்கடை. படங்கள் நன்றாகவே வரும், குறை சொல்வதற்கில்லை. ஆனால் தோட்டம் பார்த்ததாகாது. இங்கே வேலை செய்கிற இரண்டு பொருள்களும் படத்தில் விழாதவை: மண்ணுக்கடியில் வந்து சேரும் தண்ணீர், கோபுரத்துக்குள் இறங்கும் காற்று.

அதனால் முதல் யோசனை: தொட்டியருகே நிற்காமல் நேராகக் கோடியிலுள்ள மாளிகைக்குப் போங்கள். அங்கிருந்து திரும்பி வாசலை நோக்கி நடந்து பாருங்கள். பாரசீகத் தோட்டங்களின் பொது வழக்கப்படி நீர் முதலில் வீட்டைத் தொடும், பிறகு அலங்கார வாய்க்காலில் ஓடும், கடைசியாகத்தான் மரத்துக்கும் பாத்திக்கும் போகும். வீட்டுக்காரர் தலைமடையில், மாதுளை கடைமடையில். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கி வையுங்கள்.

தோட்டத்தைக் கட்டியவர் யஸ்தை ஆண்ட முகம்மது தகீ கான் பாஃப்கீ. காலம் 1750ஐ ஒட்டியது. யுனெஸ்கோ 2011-ல் ‘பாரசீகத் தோட்டம்’ என்ற ஒரே தலைப்பில் ஒன்பது தோட்டங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது இதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. காஷானின் ஃபீன், ஷீராஸின் எராம், மாஹானின் ஷாஸ்தே எல்லாம் அதே பட்டியல்தான். அரசர் வரிசையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: யஸ்தில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 60 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசியில் ஒரே இரவில் அதைவிட அதிகம் கொட்டிவிடும்.

அப்படியானால் தண்ணீர் ஏது? தெற்கே 4,000 மீட்டருக்கு மேல் நிற்கும் ஷீர் கூஹ் மலையின் பனியும் மழையும் அடிவாரத்து மண்ணில் இறங்குகின்றன. மெஹ்ரீஸ் பக்கத்தில் அந்த நிலத்தடி நீரைத் தொட்டு, 30 கிலோமீட்டருக்கும் மேல் சுரங்க வாய்க்காலில் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். இதுதான் கனாத். பம்பு இல்லை, ஏற்றம் இல்லை, சரிவு மட்டுமே. அந்தச் சரிவில்தான் கனாத் தோண்டுகிற முகன்னியின் கைவண்ணம் தெரியும். நீண்ட கனாத்தில் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கினால் போதும். அதைவிடச் செங்குத்தானால் ஓட்டம் தரையை அரித்துச் சுவரின் அடியைப் பறிக்கும்; ஓர் இடத்தில் கூரை சரிந்தால் அதற்குக் கீழே ஊரே வறண்டுபோகும். மட்டமானால் வண்டல் படிந்து அடைக்கும். மண் இளக்கமான இடங்களில் சுட்ட களிமண் வளையங்களை முட்டுக்கொடுத்தபடியே முன்னேறுவார்கள்.

கனாத்தின் பாதை நெடுக, 20 முதல் 50 மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்துக் குழிகள் உண்டு. தோண்டிய மண்ணை வெளியேற்றவும், உள்ளே இருப்பவர் மூச்சு விடவும், பின்னாளில் தூர்வாரவும் அவைதான் வழி. எடுத்த மண்ணை வாயைச் சுற்றி வளையமாகக் குவித்துவிடுவார்கள்; திடீர் வெள்ளம் உள்ளே புகாமல் அதுவே கரையாகிறது. விமானத்தில் ஜன்னல் இருக்கை கிடைத்தால் இறங்கும் நேரத்தில் கீழே பாருங்கள்: பாலைவனத்தில் மெதுவடைகளை வரிசையாக அடுக்கியதுபோல் தெரிவது கனாத். ஈரான் வரை போக முடியாதவர்கள் கர்நாடகத்தின் பீதரில் இதே முறையில் வெட்டிய கரேஸைப் பார்க்கலாம்.

தௌலதாபாத்துக்கு முன்னால் யஸ்தின் தண்ணீர் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்தால் தோட்டம் வேறு மாதிரி புரியும். முகன்னியின் கருவிகள், விளக்கு, நீர்முறை பிரிக்கும் கிண்ணம் ஆகியவற்றை அங்கே காணலாம். அடியில் துளையிட்ட சிறு செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கும் நேரம் ஒரு பங்கு. நம் நாழிகை வட்டிலின் அதே தத்துவம். ஆழ்துளைக் கிணறுகளும் மோட்டார்களும் வந்தபின் நிலத்தடி நீர்மட்டம் இறங்கி, இந்த வட்டாரத்தில் பல கனாத்துகள் வற்றிவிட்டன. முறைநீர்ச் சண்டையை நேரில் பார்த்த ஊர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இனி கோபுரம். பாரசீகத்தில் பாத்கீர்: பாத் என்றால் காற்று, கீர் என்றால் பிடிப்பது. உயரம் 33 மீட்டருக்கும் சற்று அதிகம். யஸ்தின் பாத்கீர்களில் இதுதான் மிக உயரமானது. 1960களில் இடிந்து விழுந்து மறுபடி எழுப்பப்பட்டது. ஆக நாம் பார்ப்பதில் முழுக்க 18-ஆம் நூற்றாண்டுச் செங்கல் இல்லை. வழிகாட்டிகள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

கோபுரம் எண்கோணம். எட்டுப் பக்கமும் உயரமான, ஒடுங்கிய திறப்புகள். உள்ளே தடுப்புச் சுவர்கள் அதைத் தனித்தனிக் குழாய்களாகப் பிரிக்கின்றன. காற்று எந்தத் திசையிலிருந்து மோதினாலும் அந்தப் பக்கக் குழாய்களில் கீழே இறங்கும். எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் குறைவதால் அறையின் வெப்பக் காற்று அந்தக் குழாய்கள் வழியே மேலேறிப் போகும். தடுப்பு இல்லாவிட்டால் ஒரு பக்கம் நுழைந்த காற்று தலைமாட்டிலேயே மறுபக்கம் வெளியேறிவிடும். கீழே ஒன்றும் வராது. பக்கத்து ஊர்களான மேய்போத், அர்தகான் பகுதியில் ஒரு பக்கம் மட்டும் திறந்த கோபுரங்களைப் பார்க்கலாம். அங்கே நல்ல காற்று ஒரு திசையிலிருந்து வருகிறது, மற்றத் திசைகளில் வருவது புழுதி. எட்டுப் பக்கம் திறப்பது அதிகாரத்தையும் செல்வத்தையும் காட்டும், சந்தேகமில்லை; ஆனால் எந்தக் காற்றையும் விடுவதில்லை என்கிற கணக்கும் அதில் இருக்கிறது.

காற்றே வீசாத நாளிலும் கோபுரம் சும்மா இருப்பதில்லை. வெயில் பட்ட பக்கத்துக் குழாயில் காற்று சூடாகி மேலேறும், புகைபோக்கி மாதிரி. இரவில், பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்த சுவர் அதை மெல்ல விட்டு அதே வேலையைச் செய்யும்.

கோபுரத்தின் நேர் கீழே தொட்டி. இறங்கும் காற்று அதன் நீர்ப்பரப்பைத் தடவிப் போகும்போது கொஞ்சம் நீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தை அந்தக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மண்பானை தத்துவம். சோதித்துப் பார்க்க ஒரு மெல்லிய காகிதத் துண்டு போதும். கோபுரத்தின் அடித்திறப்பில் ஒரு பக்கத்தில் பிடித்தால் கீழே தள்ளும், எதிர்ப்பக்கத்தில் மேலே இழுக்கும். நடுவில் நின்று “ஒன்றும் தெரியவில்லையே” என்று போய்விடுகிறவர்கள் அதிகம். இரண்டு அடி நகர்ந்தால் தெரியும். குளிர்காலத்தில் வந்தால் எதிர்பார்க்காதீர்கள். அப்போது யஸ்தின் வீடுகளில் பாத்கீரின் அடித்திறப்புகளைப் பலகை வைத்து மூடிவிடுவது வழக்கம்.

‘சென்னையில் ஒன்று கட்டினால் என்ன?’ என்ற கேள்வி வராமல் இருக்காது. கட்டலாம், ஆனால் அந்தக் குளிர்ச்சி வராது. 40 டிகிரி வெப்பமும் 10 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை நீர் ஆவியாவதன் மூலம் கொள்கை அளவில் சுமார் 19 டிகிரி வரை இறக்க முடியும். 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் என்றால் 29-லேயே நின்றுவிடும், மேலே புழுக்கம் வேறு. பாரசீக வளைகுடாக் கரையிலும் காற்றுக் கோபுரங்கள் உண்டு. அந்த ஈரக்காற்றில் அவை செய்வது காற்றோட்டம் மட்டுமே.

கோபுரத்தின் பெரிய எதிரிகள் புறாவும் பராமரிப்பின்மையும். மண்ணும் வைக்கோலும் குழைத்த பூச்சுக்கு காஹ்கெல் என்று பெயர். மழை குறைவு என்றாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகப் பூசியாக வேண்டும். விட்டால் வெடிப்பில் நீர் இறங்கி உள்தடுப்பு சரியும். யஸ்த் கோபுரங்களின் வெளியே வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் மரக்கழிகளை அலங்காரம் என்று நினைக்க வேண்டாம். சுவரை உள்ளே இறுக்கிப் பிடிப்பவை அவைதான். பூச வருகிறவருக்கு ஏணியும் சாரமும் அவையே.

மாளிகையின் ஜன்னல்கள் ஓர்சி வகை: மேலே தூக்கித் திறக்கும் மரச்சட்டம், கண்ணறைக் கோலமாகச் செதுக்கிய மரத்துண்டுகளுக்கிடையே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கண்ணாடி. வண்ணம் கொசுவை விரட்டும் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். வழிகாட்டி சொன்னது என்ற அளவில் கேட்டுக்கொள்ளலாம். வெயிலின் கடுமையை வடிக்கிறது என்பது கண்கூடு. தரையில் வண்ணக் கோலம் விழ வேண்டுமானால் சூரியன் தாழ்ந்திருக்க வேண்டும். உச்சிவெயிலில் ஒளி உள்ளே வராது; ஜன்னல் மட்டும் மினுங்கும், தரை வெறுமையாக இருக்கும்.

நேரத்தைத் தேர்வதில் ஒரு சங்கடம் உண்டு. தொட்டியில் கோபுரம் முழுதாகப் பிரதிபலிக்க நீர் அசையக் கூடாது, காற்று அடங்கியிருக்க வேண்டும். பாத்கீரை உணரக் காற்று வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வாய்க்காது. படம் முக்கியமென்றால் காலையில் திறந்தவுடன் போங்கள், நீரூற்றுகளை முடுக்குவதற்கு முன். காற்று முக்கியமென்றால் வெயில் சாயும் பிற்பகல். என் ஓட்டு பிற்பகலுக்கு; வண்ண ஒளியும் அப்போது சேர்ந்து கிடைக்கும்.

மாதமும் அப்படித்தான். ஏப்ரல், மே, அக்டோபர் நடப்பதற்குச் சுகம். மாதுளை பழுப்பதும் செப்டம்பர், அக்டோபரில். ஆனால் ஜூலையின் 40 டிகிரியில் தெருவிலிருந்து கோபுரத்தடி அறைக்குள் நுழைந்தால்தான் இதை ஏன் கட்டினார்கள் என்று உடம்புக்குப் புரியும். மார்ச் 20-ஐ ஒட்டித் தொடங்கும் நவ்ரூஸ் விடுமுறையின் இரண்டு வாரங்களைத் தவிர்க்கவும். ஈரானே சுற்றுலா கிளம்பும் நாட்கள் அவை. மாளிகைக்குள் நிற்க இடம் இருக்காது. வெள்ளிக்கிழமையும் கூட்டம்தான்.

மற்றவை சுருக்கமாக. இந்தியக் கடவுச்சீட்டுக்கான விசா விதி அடிக்கடி மாறுகிறது, பாதுகாப்பு நிலவரமும் அப்படியே. பயணச்சீட்டு வாங்கும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். நம் வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்யாது, முழுச் செலவுக்கும் ரொக்கம் வேண்டும். விலையைத் தோமானில் சொல்வார்கள், நோட்டில் ரியால் என்றிருக்கும். ஒரு தோமான் 10 ரியால். ஏமாற்றுவதாக நினைத்துச் சண்டை போட்ட பிறகு பலருக்கு இந்தக் கணக்கு தெரியவருகிறது. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் தனி, அதிகம். பெண்கள் தலைத்துணி எடுத்துச் செல்ல வேண்டும். தோட்டம் நகருக்குள்ளேயே இருக்கிறது, பழைய ஊரின் ஜாமே மசூதியிலிருந்து நடந்தும் போகலாம்.

வெளியே வரும்போது வாய்க்காலை ஒட்டிய பாதையிலேயே நடங்கள். இருபுறமும் சைப்ரஸ், அதற்கப்பால் திராட்சையும் மாதுளையும். சில பாத்திகள் நடைபாதையைவிடத் தாழ்வாக இருக்கும். வாய்க்காலின் ஒரு மடையைத் திறந்தால் தண்ணீர் தானாக அவற்றில் பாயும்.