38 வருஷம் காத்திருந்த கங்கைச் சொம்பு

ரயில் பாம்பனை நெருங்கியதும் அம்மா பையைத் திறந்து ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். துண்டில் சுற்றிய சின்னச் செப்புச் சொம்பு. வாய் ஈயம் வைத்து அடைத்தது. 1987-ல் காசியில் வாங்கியது. அப்பா அதை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு கொண்டுவந்தார்.

காசிக்குப் போனவர்கள் கங்கையைக் கொண்டுவந்து ராமேஸ்வரம் ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை நிறைவு. அது அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சொம்பு எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியிலேயே இருந்துவிட்டது. அப்பா போய் வருஷம் திரும்பி, தலைத் திதி முடிந்த பிறகுதான் நாங்கள் கிளம்பினோம். அம்மா, நான், தங்கை, அவள் மகன்.

அப்பா இந்தியன் ஏர்லைன்ஸ்காரர். 1968-ல் டிராஃபிக் அசிஸ்டென்டாகச் சேர்ந்தார். மதுரையில் ஸ்டேஷன் மேனேஜர், பிறகு மீனம்பாக்கம், கடைசியில் மண்டல அலுவலகத்தில் மேலாளராகி 2001-ல் ஓய்வு. விமானக் கம்பெனிக்காரர் வீடு என்றால் நினைத்த நேரம் பறப்போம் என்றுதான் உறவுக்காரர்கள் நினைப்பார்கள். எங்களுக்குக் கிடைப்பது 'சப்லோ' டிக்கெட். காசு கொடுத்தவர்கள் எல்லாரும் ஏறி, இடம் மிஞ்சினால்தான் ஊழியர் குடும்பத்துக்கு. அந்தக் காசிப் பயணத்துக்கே இரண்டு நாள் பெட்டியோடு மீனம்பாக்கம் போய்த் திரும்பி, மூன்றாம் நாள்தான் டில்லி விமானத்தில் இடம் கிடைத்தது. கவுன்டரில் இருந்தவர் அப்பாவிடம் வேலை கற்றவர். "சார், நான் பார்த்துக்கறேன்" என்றார். அப்பா கேட்கவில்லை. எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து தங்கைக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

புதுப் பாலத்தில் ரயில் மெதுவாகத்தான் போயிற்று. பக்கத்திலேயே 1914-ல் திறந்த பழைய பாலம், ரயில் ஓடாமல் கடலைப் பார்த்து நின்றது. தங்கை மகன் ஜன்னலை விட்டு நகரவில்லை. அம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அக்னி தீர்த்தத்தில் அன்று அலையே இல்லை. குளம் மாதிரி கிடந்தது கடல். முழுகி எழுந்து, கரையில் சாஸ்திரிகள் சொல்லச்சொல்லப் பிண்டம் வைத்தேன். அப்பா பெயர், தாத்தா பெயர், அவருக்கும் அப்பா பெயர். அப்பாவின் பெயரை அந்த வரிசையில் சொல்ல வாய் இன்னும் பழகவில்லை. எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கில் இறங்கியபோது எனக்கு மதுரை வீட்டு வேப்பமரம் ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். சென்னையிலிருந்து வரவேண்டிய ஆவ்ரோ விமானம் ரொம்பத் தாமதமாகி இரவில் இறங்கியது. அதில் வந்தவர்களில் ஒரு வடநாட்டுப் பெரியவர், கையில் சிவப்புத் துணி கட்டிய கலசம். மனைவியின் அஸ்தி. சேதுவில் கரைக்க ராமேஸ்வரம் போகவேண்டும். பஸ் கிடையாது, தெரிந்தவர் யாருமில்லை. அப்பா அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று வாசலிலேயே அம்மா தயங்கினாள். அப்பா ஒன்றும் பேசவில்லை. கொல்லைப்புறம் போய், வேப்பங்கிளையில் கலசத்தைக் கயிறு போட்டுக் கட்டினார். பெரியவருக்குச் சாப்பாடு போட்டு வராந்தாவில் படுக்க வைத்தார். பிறகு நாற்காலியை மரத்தடிக்கு எடுத்துப் போனார். நாய் ஏதாவது வரும் என்றார். ராத்திரி நான் எழுந்து பார்த்தபோதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார், யூனிஃபார்ம் கூட மாற்றாமல். விடிந்ததும் பெரியவரை ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு அப்படியே டியூட்டிக்குப் போனார்.

எத்தனை பேரை இந்த ஊருக்கு அனுப்பி வைத்தாரோ. அவர் மட்டும் வரவில்லை. ஒருமுறை டிக்கெட் எடுத்து எல்லாம் தயார். 1990 மாசி மாதம். அந்த பிப்ரவரி 14-ம் தேதி பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ-320 விமானம் விழுந்தது. இருந்த 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். அன்று ராத்திரியே பெங்களூர் கிளம்பிய அப்பா, இறந்தவர்களின் குடும்பங்களோடு இருந்துவிட்டுப் பத்து நாள் கழித்துத்தான் திரும்பினார். குளித்துவிட்டுப் பூஜை அலமாரி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அங்கே பார்த்ததைப் பற்றிக் கடைசிவரை எங்களிடம் பேசியதில்லை. அதற்கப்புறம் "ரிடையர் ஆகட்டும்" என்றார். ரிடையர் ஆன பிறகு பாட்டி படுக்கையில் விழுந்தாள். பிறகு அவருக்கே முழங்கால்.

கோயிலுக்குள் 22 தீர்த்தம். கிணற்று விளிம்பில் நின்று வாளியால் இறைத்துத் தலையில் ஊற்றுகிறார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ருசி என்று கேள்விப்பட்டதுதான், நாக்கில் பட்டபோது நம்பினேன். கடலுக்கு இத்தனை பக்கத்தில் இத்தனை நல்ல தண்ணீர்! கடைசியில் கோடி தீர்த்தம். ராமபிரான் வில்லின் நுனியை ஊன்றி வரவழைத்த கங்கை என்பார்கள். அம்மாவுக்கு நடை தள்ளாடியது, ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை.

ஈரத்துணியோடு சந்நிதிக்குப் போகக்கூடாது. துணி மாற்றிக்கொண்டு முதலில் விஸ்வநாதரைப் பார்த்தோம். லிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமன் வரத் தாமதமாகி, சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கே ராமர் பூஜை செய்துவிட்டார் அல்லவா? மனம் நொந்த அனுமனுக்காக, அவர் கொண்டுவந்த லிங்கத்துக்குத்தான் இங்கே முதல் பூஜை. இந்தக் கதையை அம்மா பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள். "லேட்டா வந்தவருக்குத்தான் முதல் மரியாதை" என்று சொன்னவள், சட்டென்று நின்று சொம்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். நாங்கள் மூவரும் பேசாமல் பக்கத்தில் நின்றோம்.

அபிஷேகச் சீட்டு வாங்கிச் சொம்பைக் கொடுத்தோம். ஈயத்தைப் பெயர்த்தார்கள். இத்தனை வருஷத்தில் தண்ணீர் வற்றியிருக்குமோ என்று எனக்குள் பயம். இருந்தது. முக்கால் சொம்பு இருந்தது. அப்பரும் சம்பந்தரும் பாடிய அந்த மணல் லிங்கத்தின் மேல், அப்பா மடியில் சுமந்து வந்த கங்கை இறங்கிற்று. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. தீபாராதனை வெளிச்சத்தில் அம்மா முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. "வந்துட்டாங்க" என்றாள்.

பர்வதவர்த்தினி அம்மனைத் தரிசித்துவிட்டு மூன்றாம் பிராகாரத்தில் சுற்றி வந்தோம். 1212 தூண்கள் என்கிறார்கள். தங்கை மகன் எண்ணத் தொடங்கி நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டு, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை, கிளம்பும் முன் அம்மா மறுபடி கடற்கரைக்குப் போகவேண்டும் என்றாள். காலியான சொம்பையும் எடுத்துக்கொண்டாள். சேது மணலைப் பிரயாகைக்குக் கொண்டுபோய்த் திரிவேணியில் சேர்க்க வேண்டும், யாத்திரையில் அந்தப் பங்கும் பாக்கி இருக்கிறதே. குனிந்து இரண்டு கை மணல் அள்ளிச் சொம்பில் போட்டு, அப்பாவின் கைக்குட்டையால் வாயைக் கட்டினாள்.

"எப்பம்மா போகலாம்?" என்று கேட்டேன்.

"தையிலே பாருப்பா. நீயே காசு கொடுத்து டிக்கெட் எடுத்துடு" என்றாள். "இந்தத் தடவை சப்லோ வேண்டாம்."