ஜப்பானியப் பட்டு நெசவு: தேர்வுக்கு நான் படித்த விதம்

துணி வடிவமைப்புப் படிப்பில் ஜப்பான் பாடம் வந்தாலே பலருக்கும் கிலி. நிஷிஜின், யூசென், ஓஷிமா, யூகி என்று பெயர்கள் வரிசைகட்டி நிற்கும். நான் பெயர்களை உருப்போடவில்லை. ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன்: சாயம் நூலில் ஏறியதா, நெய்த துணியில் ஏறியதா?

நெய்த துணியில் என்றால் யூசென். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கியோத்தோவில் விசிறி ஓவியராக இருந்த மியாசாகி யூசென்சாயின் பெயரால் வழங்குவது. வெள்ளைப் பட்டில் கோடு வரைந்து, அதன்மேல் அரிசிப் பசையை மெல்லிய இழையாக இடுகிறார்கள். ஓர் இதழின் சாயம் அடுத்த இதழுக்குப் போகாமல் தடுக்கும் வரப்பு அதுதான். அலசினால் பசை போய் வெள்ளைக் கோடு நிற்கும்.

மற்ற மூன்றிலும் சாயம் நூலிலேயே ஏறிவிடும். நிஷிஜின் கியோத்தோவில் ஒரு பகுதி; அங்கே நெய்யும் பட்டுக்கும் அதே பெயர். ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போரில் (1467–77) மேற்குப் படை முகாமிட்ட இடம். 1870களில் பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து ஜக்கார்டு, அதாவது துளையிட்ட அட்டைகளை வைத்து வடிவம் நெய்யும் தறிப்பொறி, இங்கே வந்தது. இந்த ஆண்டுகளை விட, தங்க இழை எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதினால் விடை எடுப்பாக இருக்கும். நம் ஜரிகையில் தட்டையான வெள்ளிக் கம்பி நூல்மேல் சுற்றியிருக்கும். அங்கே கைத்தாளில் தங்கத் தகட்டை ஒட்டி, மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, முறுக்காமல் தட்டையாகவே ஊடையில் (குறுக்கு நூலாக) கொடுப்பதும் உண்டு.

எனக்குப் பிடித்தது ஓஷிமா. அமாமி ஓஷிமா தீவில் ஒரு மரத்தின் கட்டையை வேகவைத்த சாற்றில் நூலைப் பலமுறை தோய்த்து, பிறகு சேற்றில் அலசுவார்கள். மரத்தின் துவர்ப்பும் சேற்றின் இரும்பும் சேர்ந்து கறுப்பாகிறது. அதுமட்டுமா, இதற்குத் தறி இரண்டு முறை வேலை செய்யும்! முதலில் பட்டு நூலைப் பருத்தி நூலோடு இறுக்கிப் பாய் மாதிரி நெய்து சாயம் தோய்ப்பார்கள். பருத்தி இறுக்கிய இடத்தில் சாயம் ஏறாது. அதைப் பிரித்து மறுபடி நெய்யும்போது, கொஞ்சம் நெய்ததும் நிறுத்தி, ஊசிமுனையால் நூலை நகர்த்திப் புள்ளிகளைச் சேர்ப்பார்கள்.

யூகிக்குக் கையால் இழுத்த, முறுக்கில்லாத நூல். இடுப்பில் பட்டை கட்டி நெய்யும் தறி. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம். இது போதும்.

அப்புறம், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) துணித்துண்டு கையில் தந்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். யூசெனுக்குப் பின்பக்கம் பெரும்பாலும் மங்கல். ஓஷிமா இருபுறமும் ஒன்றுபோல இருக்கும். பின்னால் நூல்கள் மிதந்து கிடந்தால் நிஷிஜின் என்று துணிந்து தொடங்கலாம்.