ஸ்ப்ளிட் ஸ்கிரீனில் கண் எங்கே போகும்?

ஒரே திரையை இரண்டாகப் பிரித்து இருவரைக் காட்டும் ஸ்ப்ளிட் ஸ்கிரீன் வீடியோவை எடிட் செய்யச் சொல்பவர்கள், "ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சிடுங்க, அவ்வளவுதான்" என்பார்கள். வைக்கிற வேலை நிஜமாகவே அவ்வளவுதான். 1920க்கு 1080 பிக்சல் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் க்ளிப்களை அடுக்கும் இடம்) பாதி என்றால் 960 பிக்சல் அகலம். க்ளிப்பை 50 சதவீதமாகச் சுருக்கினால் அகலம் சரியாக உட்காரும், ஆனால் உயரம் 540 ஆகி மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வந்துவிடும், அதனால் சுருக்காமல் இடதில் 25, வலதில் 25 சதவீதம் கிராப் செய்து (ஓரத்தை வெட்டி) ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் நகர்த்திவிடுவேன். ஆள் நடுவில் இல்லையென்றால் 10, 40 என்று மாற்றிக்கொள்ளலாம், கூட்டினால் 50 வந்தால் போதும்.

நேரம் தின்பது இதற்கப்புறம் வரும் வேலை. பேட்டியில் ஒருவர் முக்கியமான விஷயம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மற்றவர் மூக்கைச் சொறிவார், தண்ணீர் பாட்டிலைத் திறப்பார். பார்க்கிறவர் கண் பேச்சை விட்டுவிட்டு பாட்டில் மூடிக்குப் போய்விடும், அசைகிற பக்கம்தான் கண் ஓடும். வேறு இடத்திலிருந்து அவர் சும்மா உட்கார்ந்திருக்கும் துண்டை எடுத்து ஒட்டிவிடலாம்தான். செய்முறை வீடியோ என்றால் தயங்காமல் செய்வேன். பேட்டியில் மாட்டேன், ஒரு கேள்விக்கு அவர் காட்டாத முகத்தைக் காட்டியதாக ஆகிவிடும். அங்கே பேசுகிறவரை மட்டும் முழுத்திரைக்குக் கொண்டுவந்துவிட்டு, இருவரும் மாறி மாறிப் பேசும்போது திரும்பப் பிரிப்பேன்.

பார்வைத் திசையும் அப்படித்தான். இடப்பக்கத்தில் இருப்பவர் வலப்பக்கம் பார்க்க வேண்டும், இல்லையென்றால் கோபித்துக்கொண்ட இருவரைப் போல இருக்கும். க்ளிப்பைக் கண்ணாடி போலத் திருப்பினால் சட்டையில் உள்ள எழுத்து காட்டிக்கொடுத்துவிடும், ஆட்களை இடம் மாற்றுவதுதான் நல்லது. இருவர் கண்களும் ஒரே உயரத்தில் வரவேண்டும். அதற்கு ஒருவரைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கும், அதிகப் பிக்சல் உள்ள 4கே ஃபுட்டேஜ் இருந்தால் படம் மங்காது.

ஒப்பிட்டுக் காட்டும் வீடியோவில் பிரச்சினையே வேறு. ஃபோனில் எடுத்தது பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்டில் (ஒரு நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) இருக்கும், கைதட்டல் சத்தத்தை வைத்து இரண்டு க்ளிப்பையும் ஆரம்பத்தில் ஒத்திசைத்தாலும் போகப்போக விலகும். முதலிலேயே நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டால் தலைவலி இல்லை.

நடுவில் தடிமனான வெள்ளைக் கோடு கேட்பவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் நிறம் ஒத்துப்போகாதபோதுதான் அது உதவும், அப்போதும் நான்கு பிக்சலுக்கு மேல் நான் போடுவதில்லை.