கேட்காமல் எடுத்திருந்தால்

நான் சொன்ன பதில் சரிதான் என்று யாரிடமும் வாதாடுவேன். என்னிடம்தான் வாதாட முடியவில்லை.

சொந்தமாக பிஸ்ட்ரோ, அதாவது சின்ன ரெஸ்டாரண்ட், திறக்கப் போவதாகச் சொல்லி என் கிச்சனில் எனக்கு அடுத்த இடத்தில் இருந்த சூ செஃப் நோட்டீஸ் கொடுத்திருந்தான். அதில் எனக்கு வருத்தமில்லை. நானும் அப்படிக் கிளம்பி வந்தவன்தானே. ஒருநாள் சர்வீஸ் முடிந்து மேலிருந்து சூடு இறங்கும் சலமாண்டர் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: "செஃப், அந்தக் கத்தரிக்காயை என் மெனுல வெச்சுக்கலாமா?"

"அது கடையோட டிஷ்ஷுப்பா."

"சரி, செஃப்."

அவ்வளவுதான் பேச்சு.

மீசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதைத் தடவிச் சுட்ட கத்தரிக்காய் ஜப்பானில் பழைய சமாச்சாரம். எங்களுடையதில் மீசோவோடு பிரெஞ்சு முறையில் சிவக்கக் காய்ச்சிய வெண்ணெயும் சேரும். மீசோவில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் இருப்பதால் நெருப்பு பட்டதும் கருகிவிடும்; கத்தரிக்காய் உள்ளே வேகவோ நேரமாகும். முதலில் காயை முழுசாகக் குழைய வேகவைத்துவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் மீசோ பூசி மேல்சூட்டில் வைக்கலாம் என்று கண்டுபிடித்தது அவன். ஆனால் அதுவரை கருகிக் குப்பைக்குப் போன சரக்கெல்லாம் என் கணக்கு. ஃபுட் காஸ்ட், அதாவது விற்பனையில் சரக்குச் செலவின் பங்கு, முப்பது சதவீதத்தைத் தாண்டினால் தூக்கம் போவது எனக்குத்தான், சூ செஃப்புக்கு அல்ல. கோமியாக, அதாவது கடைநிலைச் சமையல்காரனாக, வெங்காயம் உரித்ததிலிருந்து சேர்த்த பணமெல்லாம் இந்தக் கடையில்தான் இருக்கிறது. ஆகவே டிஷ் கடையுடையது.

இப்படிச் சொல்லும்போதே ஜப்பானிய செஃப் நோபு மட்சுஹிசாவின் ஞாபகம் வருகிறது. 1973இல் பெருவுக்குப் போய், ஜப்பானியச் சமையலோடு அந்த ஊர் ருசியைக் கலக்கக் கற்றவர். மீசோவில் ஊறவைத்த அவருடைய பிளாக் காட் மீன் இன்று உலகம் முழுக்க எத்தனையோ மெனுக்களில் இருக்கிறது. மீனை மீசோவில் ஊறவைப்பது அவருக்கும் முந்தைய வழக்கம். இதில் யார் யாரிடம் அனுமதி கேட்பது? அமெரிக்கச் சட்டப்படி வெறும் பொருள்பட்டியலுக்குக் காப்பிரைட் கிடையாது. ஃப்யூஷன், அதாவது பல ஊர்ச் சமையலின் கலவை, என்று பலகை மாட்டிவிட்டு, இது என்னுடையது என்று நான் சொல்வதே கொஞ்சம் வேடிக்கைதான்.

என் முதல் மெனுவில் இருந்த சாஸ், நான் சிடிபியாக, அதாவது ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செஃப்பாக, இருந்த கிச்சனில் கற்றது. சிட்ரஸை மட்டும் மாற்றினேன். அந்த செஃப்பிடம் நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. தொழிலில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம்?

இவன் ஏன் கேட்டான்? பேசாமல் எடுத்துப் போயிருந்தால் நான் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். ஒருவேளை அவன் அனுமதியே கேட்கவில்லையோ, 'அது உன்னுதுதானேப்பா' என்று நான் சொல்வதைக் கேட்கத்தான் நின்றானோ என்று சில சமயம் தோன்றும். இல்லை, நான்தான் கதை கட்டுகிறேன், மரியாதைக்குக் கேட்டிருப்பான். அப்படியானால் அந்த மரியாதைக்கு நான் கொடுத்த பதில்? சரி, கடைக்கு அதிகம் விற்கும் டிஷ்ஷை எந்த முதலாளி விட்டுக்கொடுப்பான்?

அவன் மெனுவில் இன்றுவரை கத்தரிக்காயே இல்லை. என் மெனுவில் இன்னும் இருக்கிறது, நன்றாகவே போகிறது.

புதிதாக வந்த சூ செஃப்பின் நியமனக் கடிதத்தில், இங்கே உருவாகும் ரெசிபிகள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஒரு வரி சேர்த்தேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நானும் எடுத்துச் சொல்லவில்லை.