மாற்றம் இல்லை என்று எழுதிய பள்ளம்

வெள்ளத் தடுப்பு அணையில் வேலை என்றதும், எப்போதும் கடல் மாதிரி தண்ணீர் நிற்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் ஏழு வருடமாகப் பார்த்துவரும் மண் அணையில் வருடத்தின் பெரும்பகுதி தண்ணீரே இருக்காது. கரைக்கு அடியில் போகும் கான்கிரீட் குழாய் வழியாக ஆறு தன் போக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பெருமழை வந்தால் குழாய் விடுகிற அளவு மட்டும் கீழே போகும், மிச்சம் உள்ளே தேங்கி, மழை விட்டபின் மெல்ல வடியும். அமெரிக்காவின் டேட்டன் நகரம் 1913 வெள்ளத்தில் மூழ்கிய பிறகு, அதற்காகக் கட்டி 1922இல் முடித்த ஐந்து மண் அணைகளும் சாதாரண நாட்களில் காலியாகத்தான் நிற்கின்றன.

காலியான அணைக்கு என்ன காவல் என்று கேட்பவர்கள் உண்டு. நிறைந்த அணையைவிட இதுதான் கஷ்டம் என்பேன். தண்ணீர் நிற்கும் அணையில், எந்த மட்டத்துக்கு எவ்வளவு கசியும் என்று பல வருடக் கணக்கு கையில் இருக்கும். எங்களிடம் தாழ்ந்த மட்டத்துக்கு மட்டுமே கணக்கு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு வெள்ளமும் எங்கள் அணைக்கு முதல் நிரப்பல்தான். முதல் நிரப்பலில் என்ன நடக்கும் என்பதற்கு ஐடஹோ மாநிலத்தின் டீட்டன் அணையைச் சொல்ல வேண்டும். 93 மீட்டர் உயர மண் அணை. 1976 ஜூன் 5 காலையில் கலங்கிய கசிவைப் பார்த்தார்கள். ஓட்டையை அடைக்கப் போன இரண்டு புல்டோசர்களையும் அது விழுங்கியது. நண்பகலுக்குச் சற்று முன் கரை உடைந்தது. 11 பேர் இறந்தார்கள். காலைக்கும் நண்பகலுக்கும் இடையே இருந்த அந்தச் சில மணி நேரம் என் மனதை விட்டுப் போனதே இல்லை.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் கரைமேல் ஜீப்பில் போய்விட்டு, பார்த்தாயிற்று என்றேன். முப்பது வருடமாக அங்கே இருந்த கரைக் காவலர் சொன்னார்: "மேல ஜீப்ல போனா ரோடுதான் சார் தெரியும். கீழ எறங்குங்க." அன்று முழுவதும் வெளிச்சரிவில் குறுக்கும் நெடுக்குமாக நடக்க வைத்தார். எலி வளை, கறையான் புற்று, வெயிலில் விட்ட வெடிப்பு, சரிவில் லேசாக ஒரு புடைப்பு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒரு முறை சிலர் ஆசையோடு மரக்கன்று நட வந்தார்கள். மரம் பட்டுப்போனால் வேர் அழுகி, கரைக்குள் குழாய் மாதிரி வழி விட்டுவிடும். அவர்களுக்கு அதை விளக்கித் திருப்பி அனுப்பியது மனதுக்குச் சங்கடமாக இருந்தாலும், கரையில் புல் மட்டும்தான் இருக்கலாம்.

எனக்கு அதிகக் கவலை தரும் இடம் அடியில் போகும் குழாய். அதை ஒட்டிய மண்ணை ரோலரால் சரியாக இறுக்க முடியாது, தண்ணீர் அந்தத் தளர்ந்த மண்ணில்தான் வழி தேடும். அந்தக் காலத்தில் கசிவைத் தடுக்கக் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் வளையங்கள் வைத்தார்கள். அந்த வளையங்களே மண்ணை இறுக்க விடாமல் செய்தன. இப்போது குழாயின் வெளிமுனைப் பக்கம் சலித்த மணலைச் சுற்றிப் போடுகிறார்கள். அது தண்ணீரை விடும், மண்ணை விடாது.

நான்காவது வருடம் மூன்று நாள் விடாத மழை. தண்ணீர் நான் பார்த்தறியாத மட்டத்துக்கு ஏறியது. இரண்டாம் நாள் இரவு, குழாய் முனைக்கு இடப்பக்கம் அடிவாரத்தில் ஊற்று மாதிரி கிளம்பியது. கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் பார்த்தோம். தெளிவாகத்தான் இருந்தது. சற்று நேரம் வைத்தபின் அடியில் மெல்லிய வண்டல் படிந்தது. கரைக்குள் இருக்கும் மண் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

ஒரு பையன் களிமண் கூடையோடு ஓடிவந்தான். "அடைக்காதே!" என்று காவலர் கையைப் பிடித்து நிறுத்தினார். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் வேறு இடத்தில் இன்னும் வேகமாகப் பீறிடும். முதலில் மணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அப்புறம் பெரிய கல் என்று அடுக்கினோம். அதற்குள் நான் கீழ்ப்பகுதி நிர்வாகத்துக்குப் போன் செய்து, ஆற்றோரம் இருப்பவர்களை மேட்டுக்கு அனுப்பச் சொன்னேன். உறுதியாகத் தெரியாமல் எதற்குப் பயமுறுத்துகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். உறுதியாகத் தெரியும்போது நேரம் இருக்காது என்றேன். அவர்கள் அனுப்பினார்கள்.

குழாயின் ஷட்டரை முழுவதும் திறந்து உடனே மட்டத்தை இறக்கலாமே என்றும் கேட்டார்கள். திறந்தால் கீழே வெள்ளம். அதுபோக, ஊறிய கரையை ஒட்டி நிற்கும் தண்ணீர் சட்டென்று இறங்கினால், தாங்கல் போய் உள்சரிவு அப்படியே சரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். மணிக்கொரு முறை பாட்டில். மறுநாள் மாலைதான் வண்டல் நின்றது.

வடிந்தபின் தோண்டியபோது குழாய் ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு வெற்றிடம். அதற்கு நேர் மேலே வெளிச்சரிவில் ஒரு சின்னப் பள்ளம். ஆய்வுப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்தப் பள்ளம் இரண்டு வருடம் முன்பே பதிவாகி இருந்தது. அடுத்தடுத்த ஆய்வுகளில் "மாற்றம் இல்லை" என்ற குறிப்பு. கீழே என் கையெழுத்து. நான் அதை ஒரு முறைகூட அளந்ததில்லை.

இப்போது எந்தப் பள்ளமானாலும் சுற்றிலும் முளை அடித்து, ஆழத்தை மில்லிமீட்டரில் எழுதுகிறோம். ஒரே இடத்தில் நின்று படம் எடுக்கிறோம். என் காலத்தில் ஒரு முறைகூட ஓடாத உபரிநீர்ப் போக்கியையும் வருடம் இரண்டு முறை முழு நீளம் நடந்து பார்க்கிறோம். வெறும் நிலம்தானே என்று அங்கே வேலி போட்டவர்களிடம் பேசி அகற்ற வைத்தோம். மண் அணைமேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கரை அரித்துப் போய்விடும். பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையில் உபரிநீர் வழியில் மீன் தப்பாமலிருக்கத் தடுப்பு வைத்திருந்தார்கள், கரையின் உயரத்தையும் குறைத்திருந்தார்கள். 1889 மே 31 அன்று அது உடைந்ததில் 2,200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

காவலர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வருபவர்களை முதல் நாள் நானே கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறேன். அந்தப் பள்ளம் இருந்த இடத்திலிருந்துதான் தொடங்குவோம்.